காலடியில் கிளம்பும் கவுதாரி: ஒரு நொடியின் வரலாறு

சோமனூர்ல இருந்து பேசுறேன். ஆடியோவுல பின்னாடி கேட்ட தறிச் சத்தம் இந்த எழுத்து வடிவத்துல இல்ல. அந்த வகையில கேட்டவங்களைவிடப் படிக்கிறவங்க கொடுத்து வெச்சவங்க.

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரே ஒரு நொடியைப் பத்தி. மானாவாரிக் காட்டுல வேலியோரமா நடந்து போறீங்க. எதிர்ல காஞ்ச புல், கொஞ்சம் முள்ளு, மண்ணு. வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. அடுத்த எட்டு வைக்கிறப்போ காலுக்குக் கீழ இருந்து ‘புர்ர்ர்’னு ஏதோ வெடிக்குது. நெஞ்சு ஒரு தடவை நின்னு துடிக்குது. என்னன்னு பார்க்குறதுக்குள்ள பழுப்பு நிறத்துல ரெண்டு மூணு உருண்டைங்க நாலு பக்கமும் போய் விழுந்துடுது. அது கவுதாரி, இல்லைன்னா காடை. கிராமத்துல வளர்ந்தவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இப்படிப் பதறியிருப்பாங்க.

வேட்டைக்காரங்க இதைக் ‘கலைச்சு விடுறது’ன்னு சொல்லுவாங்க. பறவையை அது ஒளிஞ்சிருக்குற இடத்துல இருந்து கிளப்பி விடுறது. எனக்கு இதுல பிடிச்ச கேள்வி ரெண்டு. அந்தப் பறவை ஏன் கடைசி நொடி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கு? அது அப்படித்தான் பண்ணும்னு நமக்குச் சொன்னது யாரு? ரெண்டாவது கேள்விக்கு வரலாறு இருக்கு, அதுக்குத்தான் இந்த எபிசோட். ஆனா முதல் கேள்வியை முடிக்காம அங்க போக முடியாது.

கவுதாரி கோழி இனத்துச் சொந்தம். எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ரெக்கை குட்டையா, வட்டமா இருக்கும். நெஞ்சுச் சதை மட்டும் உடம்புக்கு மீறி இருக்கும். கோழிக்கறி வாங்குறப்போ பார்த்திருப்பீங்க, நெஞ்சுக்கறி வெளுப்பா இருக்கும், தொடைக்கறி கருப்பா இருக்கும். வெளுப்புச் சதை ஒரு சில நொடிக்கு பயங்கரமா வேலை செய்யும், உடனே களைச்சுப் போகும். கருப்புச் சதை மெதுவா, ரொம்ப நேரம் ஓடும். கோழி இனத்துக்கு நடக்குறதும் ஓடுறதும்தான் தினப்படி வேலை. பறக்குறது அவசரத்துக்கு வெச்சிருக்குற தோட்டா. புறா மாதிரி ஊர் சுத்த அதால முடியாது. ஒரு தடவை பறந்துட்டா அடுத்த தடவைக்கு அந்த அளவு வேகம் வராது.

அதனால கவுதாரி முதல்ல ஓடத்தான் பார்க்கும். புதருக்குப் புதர் தலையைத் தாழ்த்திக்கிட்டு ஓடும், ஓட முடியாத இடத்துல பதுங்கும், மிதிபடப் போறோம்னு ஆனாத்தான் பறக்கும். பறந்தாலும் ரொம்ப தூரம் போகாது, கீழ இறங்கினதும் திரும்ப ஓட ஆரம்பிச்சுடும். விழுந்த இடத்தைக் குறி வெச்சுப் போய்ப் பார்த்தா அங்க ஒண்ணுமே இருக்காது. வெளியூர் வேட்டைக்காரங்க ஏமாந்தது பெரும்பாலும் இங்கதான்.

புதர்க்காடை வேற மாதிரி. அது கூட்டமாத்தான் இருக்கும். ஆபத்துன்னா எல்லாம் ஒண்ணா நெருக்கி, தலை வெளிப்பக்கம் பார்க்க வட்டமா உட்கார்ந்துக்கும். கால் வைக்கிறப்போ ஆளுக்கொரு திசையில வெடிக்கும். எதைப் பார்க்குறதுன்னே தெரியாது. வல்லூறுக்கும் நமக்கும் அதே குழப்பம்தான், கண்ணு ஒண்ணைப் பிடிக்குறதுக்குள்ள எல்லாம் போயிடும். கொஞ்ச நேரம் ஊர் அமைதியானதும் சிதறினதெல்லாம் அங்கங்க இருந்து மெல்லக் குரல் கொடுத்து, நடந்தே திரும்ப ஒண்ணு சேரும். கருங்காடை இன்னொரு ரகம். தனியாவோ ஜோடியாவோ கிளம்பும், ஒரு தடவை பறந்து விழுந்துட்டா ரெண்டாவது தடவை அதைக் கிளப்புறது பெரும்பாடு. பேருதான் காடை, வம்சம் கோழிக்குச் சம்பந்தமே இல்ல. கரையோரப் பறவைகள், கடற்காகம் இருக்குற கூட்டத்தைச் சேர்ந்தது. அதுல பொட்டைக்குத்தான் நிறம் அதிகம், குரல் கொடுக்குறதும் அதுதான், அடைகாக்குறது ஆண்.

என்னை மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு இது ஒரு ஆப்டிமைசேஷன் கணக்கு மாதிரி தெரியும். உண்மையிலேயே கணக்குதான். 1986-ல ரான் யிடன்பெர்க், லாரன்ஸ் டில்னு ரெண்டு பேரு இதைத் தெளிவா எழுதினாங்க. இரையா இருக்குற விலங்கு எதிரியைப் பார்த்த உடனே ஓடணும்னு கட்டாயம் இல்ல. ஓடுறதுக்கு ஒரு செலவு இருக்கு: தின்னுக்கிட்டு இருந்த இடம் போகும், சக்தி போகும், அதைவிட முக்கியமா ஒளிஞ்சிருந்த ரகசியம் போகும். இருக்குறதுக்கும் ஒரு செலவு இருக்கு, எதிரி கிட்ட வர வர அது ஏறும். ரெண்டும் சமமாகுற இடத்துலதான் அது கிளம்பும். கவுதாரிக்கு ஒளியுற திறமை அதிகம், பறக்குற சரக்கு கம்மி. அதனால அந்தப் புள்ளி உங்க செருப்புக்குப் பக்கத்துல வந்து நிக்குது.

இந்தக் கணக்குல ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும். மறைவு இருக்குற வரைக்கும்தான் காத்திருக்குறது லாபம்.

இப்போ வரலாறு. நம்ம இலக்கியத்துல இந்தப் பறவைங்களுக்கு நிறைய பேரு இருக்கு: இதல், சிவல், பூழ், குறும்பூழ். கலித்தொகை 95-ஆம் பாட்டுல தலைவன் லேட்டா வீட்டுக்கு வந்துட்டு, குறும்பூழ்ச் சண்டை பார்க்கப் போயிருந்தேன்னு ஒரு சாக்கு சொல்லுவான். அதாவது காடையைப் பிடிச்சு, வளர்த்து, சண்டைக்கு விட்டிருக்காங்க. உயிரோட பிடிக்கணும்னா அது எப்படி ஒளியும், எப்படிக் கிளம்பும்னு தெரிஞ்சிருக்கணும். கொங்கு வேளாளர்ல காடை குலம்னு ஒரு குலமே இருக்கு. ஒரு சின்னப் பறவைக்கு இந்த ஊர் கொடுத்த இடம் அது.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது புறநானூறு 320. யானை வேட்டைக்குப் போற ஒருத்தன் வீட்டு முற்றத்துல, கொடி படர்ந்த நிழல்ல அசந்து தூங்குறான். அவன் பழக்கி வெச்சிருக்குற பெண் மான் அங்க நிக்குது. காட்டுல இருந்து ஒரு ஆண் மான் வந்து அதோட சேர்ந்து விளையாடுது. அந்தப் பழக்கின மானுக்குப் பாட்டுல இருக்குற பேரு ‘பார்வை’. இன்னொரு விலங்கைக் கிட்ட வரவழைக்க வேட்டைக்காரங்க வளர்க்குற விலங்குக்குத் தமிழ்ல அந்தச் சொல்தான். வேட்டைக்காரனோட மனைவி இதைப் பார்க்குறா. சத்தம் போட்டா புருஷன் முழிச்சுக்குவான், மானும் ஓடிடும். அதனால அசையாம நிக்குறா. அந்த நேரத்துல, மான் தோல்ல காய வெச்சிருந்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து தின்னுட்டு இருக்கு. அவ அதையும் விரட்டல. பாட்டு அப்புறம் விருந்து, இறைச்சி, வள்ளல்னு வேற பக்கம் போயிடுது.

நல்லா கவனிங்க. வீட்டுச் சாப்பாடு கண்ணு முன்னாடி போகுது. ஒரு கையை வீசினா போதும். வேட்டைக்காரன் வீடுதான், பறவை கைக்கு எட்டுற தூரம்தான். இருந்தாலும் அவ கலைக்கல. கவுதாரி, காடையைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச எழுத்துல, யாரும் அதைக் கிளப்பி விடாம நின்னு பார்த்த காட்சி இது ஒண்ணு. இதுக்கப்புறம் வர்ற பதிவுகள்ல முக்கால்வாசி பறவை பயந்து ஓடுறதுலதான் ஆரம்பிக்குது.

நேரா 18-ஆம் நூற்றாண்டுக்குப் போவோம். பியர் சோன்னரா, பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில இருந்திருக்கார். 1782-ல தன்னோட பயணங்களைப் புத்தகமாப் போடுறார், அதுல நம்ம ஊர்ப் பறவைங்க இருக்கு. அந்த மாதிரிப் புத்தகங்களை வெச்சு, இந்தியாவுக்கே வராத ஜெர்மன்காரர் க்மெலின், 1789-ல லத்தீன் பேரு வெக்கிறார். நம்ம கவுதாரி ‘பாண்டிசெரியானஸ்’ ஆச்சு, புதுச்சேரிக்காரன்னு அர்த்தம். மழைக்காடை ‘கோரமண்டலிக்கா’, சோழமண்டலக் கரைக்காரி. அதே வருஷம் அதே ஆளு கருங்காடைக்கு வெச்ச பேரு ‘சுசிட்டேட்டர்’. லத்தீன்ல ‘எழுப்பி விடுறவன்’னு பொருள். ஆளுங்க அதை எழுப்பிக்கிட்டு இருக்க, பேரு என்னவோ அதுக்குப் போயிருக்கு. கவுதாரியோட முன்பாதிப் பேரை, அதாவது பேரினப் பேரை, சமீபத்துல மாத்திட்டாங்க. பின்பாதியில புதுச்சேரி இன்னும் அப்படியே இருக்கு.

பேரு வந்துடுச்சு. நடத்தையைப் பத்தின விவரமான எழுத்து அடுத்த நூற்றாண்டுலதான் குவியுது, அதை எழுதினது துப்பாக்கி வெச்சிருந்தவங்க. மதராஸ் ராணுவத்துல டாக்டரா இருந்த ஜெர்டன் 1860கள்ல இந்தியப் பறவைகளைப் பத்தி மூணு பகுதியா எழுதினார். அடுத்து ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமாங்க, 1885-ல காங்கிரஸ் ஆரம்பிச்சதுல முன்னாடி நின்ன அதே ஹியூம்தான். அவரும் மார்ஷலும் சேர்ந்து 1879-ல இருந்து 1881-க்குள்ள இந்தியா, பர்மா, இலங்கையோட வேட்டைப் பறவைகளைப் பத்தி மூணு தொகுதி போட்டாங்க. ஹியூமோட முறை எனக்கு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் மாதிரி தெரியுது. நாடு பூரா இருந்த கலெக்டர், வனத்துறை ஆளு, ராணுவ அதிகாரி எல்லாரும் லெட்டர் எழுதுவாங்க, இவர் தொகுப்பார். நீலகிரியில அவருக்காகப் பறவை சேகரிச்ச டேவிசன் அந்த மாதிரி ஒருத்தர். பின்னாடி பறவை வாழ்க்கையைப் பத்தி பல வருஷமா சேர்த்து வெச்சிருந்த ஹியூமோட கையெழுத்துப் பிரதிகளை, அவரோட வேலைக்காரர் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுட்டார். பேக்அப் இல்ல. மனசு விட்டுப்போய் தன்கிட்ட இருந்த பறவைத் தோல்களை எல்லாம் லண்டன் மியூசியத்துக்குக் கொடுத்துட்டார்.

இந்த எழுத்தெல்லாம் பொய்யில்ல. நான் மேல சொன்ன விஷயங்கள்ல பாதி அந்தக் காலத்து ஆளுங்க கண்டதுதான்: எத்தனை தப்படியில கிளம்புது, எந்தப் பக்கம் திரும்புது, ரெண்டாவது தடவை கிளம்புமா. ஆனா யாரோட கண்ணு அதுன்னு பாருங்க. துப்பாக்கியைத் தூக்கி நிக்கிற ஆளுக்கு அந்தப் பறவையோட வாழ்க்கையில தேவைப்படுறது மூணு நொடிதான். மீதி நாள் முழுக்க அது என்ன பண்ணுதுங்குறது அவருக்குப் பின் விஷயம். அதைவிட, அந்த மூணு நொடியை அவருக்கு ஏற்பாடு பண்ணிக் கொடுத்தது யாரு? கையில குச்சியோட வரிசையா நடந்து, புதரைத் தட்டித் தட்டி வந்த உள்ளூர் ஆளுங்க. எந்தக் கிளுவைக்குக் கீழ எத்தனை இருக்கும்னு தெரிஞ்சவங்க அவங்கதான். புத்தகத்துல அவங்க ‘தட்டுற ஆளு’ன்னு ஒரு சொல், அவ்வளவுதான். எனக்கு இதுதான் கடுப்பா இருக்கு. ஹியூமோட கையெழுத்துப் பிரதி தொலைஞ்சதுக்கு இன்னைக்கும் வருத்தப்படுறாங்க, இவங்களுக்குத் தெரிஞ்சதைக் கேட்டு எழுதவே இல்ல, அதனால தொலையக்கூட இல்ல.

தமிழ்நாட்டுல இந்த அறிவை ரொம்ப ஆழமா வெச்சிருந்தவங்க நரிக்குறவர்கள். அவங்க வழி துப்பாக்கிக்காரர் வழிக்கு நேர் எதிர். கவுதாரியைக் கலைக்கவே கூடாது. அது ஓடுற தடத்தைப் பார்த்து, முடியில திரிச்ச கண்ணியை அங்க வரிசையா வெக்கணும். கூண்டுல ஒரு பழக்கின கவுதாரியைப் பக்கத்துல விடணும். அது கத்தும். கவுதாரிக்குத் தன் எல்லைக்குள்ள இன்னொண்ணு கத்துறது பொறுக்காது, சண்டைக்கு வேகமா ஓடி வரும், கண்ணியில மாட்டும். புறநானூத்துப் ‘பார்வை’ மானோட அதே யோசனைதான். பறவை பறக்குறதைவிட நடக்கத்தான் விரும்பும்ங்குற உண்மை மேல கட்டின முறை இது. பறந்தாத்தான் சுடணும்ங்குறது வெள்ளைக்காரங்க வெச்சுக்கிட்ட மரியாதை விதி. உட்கார்ந்திருக்குற பறவையைச் சுட்டா அது விளையாட்டு இல்லையாம். அந்த விதியாலதான் நமக்குக் கிளம்புற நொடியைப் பத்தி இவ்வளவு எழுத்து கிடைச்சிருக்கு, நடக்குற மணிக்கணக்கைப் பத்தி அவ்வளவு கிடைக்கல.

சட்டத்துக்கு வருவோம். 1912 காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்துல எந்த மாசம் சுடக் கூடாதுங்குற அளவுக்குத்தான் இருந்தது. 1972 வனவிலங்குச் சட்டத்துல காடையும் கவுதாரியும் நாலாவது அட்டவணையில வந்துச்சு. ஆனா அப்பவும் ‘சிறு வேட்டை’ லைசென்ஸ்னு ஒண்ணு இருந்தது. அந்தக் கதவை முழுசா சாத்தினது 1991 திருத்தம். 2022 திருத்தத்துக்கு அப்புறம் ரெண்டாவது அட்டவணை. சட்டம் சரிதான், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா ஒரே சட்டம் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி விழல. துப்பாக்கிக்காரருக்குப் போனது ஞாயித்துக்கிழமைப் பொழுதுபோக்கு. கண்ணி வெச்சவங்களுக்குப் போனது சோறு. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியல்ல சேர்க்குற சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறினது 2022 டிசம்பர்ல. ஐம்பது வருஷ இடைவெளியைக் கவனிச்சீங்களா? காடு கையை விட்டுப் போனது முதல்ல, ஈடா ஏதோ வந்தது ரொம்ப ரொம்பப் பின்னாடி.

சரி, வேட்டை நின்னுடுச்சு. அப்போ சோமனூர்ப் பக்கம் கவுதாரி பெருகியிருக்கணுமே?

மறைவு இருக்குற வரைக்கும்தான் காத்திருக்குறது லாபம்னு சொன்னேன் இல்லீங்களா. கொங்கு நாட்டுல அந்த மறைவுக்குப் பேரு இட்டேரி. ரெண்டு பக்கமும் உசரமா வேலி, நடுவுல வண்டித்தடம். வேலின்னா கம்பி இல்ல, உயிர்வேலி: கிளுவை, கள்ளி, சங்கஞ்செடி, அது மேல கோவைக்கொடி, பிரண்டை. இது தவிர காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு: கிளுவை வேலி போட்டு, உள்ளுக்குள்ள கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் விட்டு, காங்கயம் மாடு மேய வெச்ச நிலம். பகல்ல இரை தேடத் திறந்த புல், ஆபத்துன்னா ஓடி நுழைய வேலி, ராத்திரி ஏறித் தங்க முள்மரம். கவுதாரிக்கு வேணுங்குற மூணும் ஒரே வளாகத்துல. யாரும் அதுக்காகக் கட்டல. மாட்டுக்கும் சோளத்துக்கும் கட்டினது அதுக்கும் பொருந்திடுச்சு.

எங்க அப்பாரு காட்டுல கம்பும் சோளமும் போட்டாங்க. அப்புறம் மழை ஏமாத்துச்சு, கிணறு ஆழமாச்சு, கருமத்தம்பட்டியில இருந்து பல்லடம் வரைக்கும் தறி வந்துச்சு. தறி எங்களைப் படிக்க வெச்சுது, அதைக் குறை சொல்ல நான் ஆளில்ல. ஆனா தறிக்குடோனுக்கு உயிர்வேலி தேவையில்ல, லாரி திரும்ப இடம்தான் தேவை. இட்டேரி தார் ரோடு ஆச்சு, வேலி காம்பவுண்டு சுவர் ஆச்சு, மீதிக் காடு சைட் கல்லு நட்ட மனை ஆச்சு. வெட்டவெளியில பதுங்குற கவுதாரி, ஒளியத் தெரிஞ்சும் ஒளிய இடமில்லாத கவுதாரிதான். நாய்க்கும் கீரிக்கும் சுலபம். பல்லாயிரம் வருஷமா சரியா வந்த கணக்கு, இடம் மாறினதும் தப்பா விடை கொடுக்குது. ஒரு தோட்டாவும் இல்லாம இது நடக்குது.

அதே கோழி இனத்துல மயில் மட்டும் நல்லா ஏறியிருக்கு. இந்தியப் பறவைகளின் நிலை 2023 அறிக்கையும் மயில் பெருகுதுன்னும், புல்வெளி மாதிரியான திறந்தவெளியை நம்பி இருக்குற பறவைங்க குறையுதுன்னும்தான் சொல்லுது. திருப்பூர் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024-ல ராம்சர் பட்டியல்லயும் வந்துச்சு. சந்தோஷமான சேதி. ஆனா தண்ணி இருந்தா சரணாலயம், முள்ளு இருந்தா அரசு வரைபடத்துல ‘தரிசு’. மத்திய அரசு போடுற தரிசு நில வரைபடத்துல புதர்நிலம் ஒரு வகைத் தரிசாத்தான் கணக்கு. தரிசுன்னு எழுதியாச்சுன்னா அடுத்து சோலார் பேனலோ குடோனோ வர்றதுக்கு யாரும் வருத்தப்பட மாட்டாங்க.

‘அதான் ரோட்டுக்கு ரோடு காடை வறுவல் விக்குதே’ன்னு கேட்பீங்க. அது வேற காடை. ஜப்பானியக் காடை, 1974-ல கலிபோர்னியாவுல இருந்து பண்ணைக்காகக் கொண்டு வந்தது. அதுல இருந்துதான் நந்தனம் காடை, நாமக்கல் காடை எல்லாம். தலைமுறை தலைமுறையா கூண்டுலயே பிறந்து, புதரே பார்க்காத பறவை. ஆனா திடீர்னு கதவைத் திறந்தாலோ லைட்டைப் போட்டாலோ செங்குத்தா மேல வெடிக்கும், கூண்டு மேல்தட்டுல மண்டை அடிபட்டு சாகும். அதனாலதான் காடைக் கூண்டைக் குள்ளமா செய்யுறாங்க. மேல பறக்க வேகம் எடுக்கக் கூடாதுன்னு.

காட்டுக் காடையைப் பார்க்கணும்னு ஆசை இருந்தா ஒரே ஒரு விஷயம். மிச்சம் இருக்குற ஏதாவது ஒரு இட்டேரிக்கு விடியக்காலம் போங்க, நாயைக் கூட்டிட்டுப் போகாதீங்க. குரலைக் கேட்டுக் கணக்கு எடுங்க. தப்பித் தவறி ஒரு கூட்டத்தைக் கலைச்சுட்டா அங்கயே நிக்காதீங்க, பின்தொடராதீங்க, வந்த வழியில முப்பது நாப்பது அடி பின்னாடி போய் உட்காருங்க. பத்து நிமிஷத்துல ஒண்ணு இந்தப் பக்கம் மெல்லக் கூப்பிடும், அந்தப் பக்கம் ஒண்ணு பதில் கொடுக்கும், அப்புறம் ஒவ்வொண்ணா தடத்தைத் தாண்டி நடந்து போகும்.